டாடா 207-க்கு ஒரு புது முகம்

2023 ஓணத்துக்கு முன்னால் ஊருக்குப் போன லீவில் உருப்படியாக நடந்த ஒரே வேலை, அத்தானின் பழைய பிக்கப் வண்டிக்கு டேஷ்போர்டு மாற்றியது. "மஸ்கட்லேர்ந்து முப்பது நாள் லீவு எடுத்து வந்து இதுதான் செஞ்சீங்களா?" என்று வீட்டம்மா இன்னைக்கும் கேட்கிறாள். கேட்கட்டும். ஊரில் நிற்கும் பழைய வண்டியை விற்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது மட்டுமாக இருக்காது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி டாடா 207, 2001 மாடல். ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயர் டெல்கோ என்றுதான் இருக்கும். அந்த கம்பெனி டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது 2003-ல். இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் மூத்தவர் 1988-ல் வந்த டாடாமொபைல் 206. சியர்ரா, எஸ்டேட் என்று நம்மில் பலர் வாய் பிளந்து பார்த்த கார்கள் அந்த பிக்கப்பின் அடித்தளத்தில் இருந்துதான் வந்தன. பெரிய குடும்பம்தான், ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தது உழைப்பாளி கிளை.

அக்காவும் அத்தானும் இருப்பது கரமனையில். அத்தானுக்கு சாலை மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுத்து வரும் தொழில். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி நீறமண்கரை, பாப்பனங்கோடு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவில் வடசேரி. அங்கே வாழைத்தாரோ இலைக்கட்டோ காய்கறியோ ஏற்றிக்கொண்டு விடிகிற நேரத்துக்குத் திரும்பி சாலைக்கு வந்துவிட வேண்டும். ஓணம் சீசனில் மட்டும் தோவாளை வரைக்கும் போய் பூ. அத்தம் தொடங்கி திருவோணம் வரைக்கும் பத்து நாள், திருவனந்தபுரத்தில் வீட்டு வாசல்களில் போடும் அத்தப்பூவில் பாதி தோவாளைச் சந்தை வழியாக வருவதுதான். கேந்தியும் வாடாமல்லியும் அரளியும் ஏறும் அந்தப் பத்து நாள் வாடகையில்தான் அத்தானுடைய வருஷத்துக் கணக்கே நேராகும்.

2023-ல் அத்தம் ஆகஸ்ட் 20. நான் போய் இறங்கும்போது கையில் பத்து நாள்கூட இல்லை. வண்டியின் டேஷ்போர்டோ மூன்று துண்டாகப் பிளந்து, சைக்கிள் டியூபால் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. ராத்திரியில் மீட்டர் விளக்கு எரியாது. வேக முள் இறந்து எத்தனையோ மாதம். ஆயில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று குனிந்து கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். போதாததற்கு ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடும். அத்தான் பல மாதமாக நெய்யாற்றின்கரை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து ஆறவைத்து, தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார்.

"எதுக்கு மாப்ளே செலவு? முள்ளு இல்லாட்டா வண்டி ஓடாதா? சத்தத்தக் கேட்டாலே எத்தனையில போகுதுன்னு எனக்குத் தெரியும்லா."

தெரியும்தான். ஆனால் வருஷா வருஷம் எஃப்.சி.க்கு நிற்கும்போது வண்டியைப் பார்க்கும் அதிகாரிக்கு அத்தானின் காது பற்றித் தெரியாதே. வேகம் காட்டும் மீட்டர் இருந்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

டேஷ்போர்டு ஏன் பிளக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெத்தென்ற பிளாஸ்டிக் எதுவும் பிறவியிலேயே மெத்தென்று இருப்பதில்லை. பி.வி.சி. இயல்பில் கெட்டியானது. அதை வளையவைக்க எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறும். கண்ணாடியின் உள்பக்கம் எத்தனை துடைத்தாலும் ஒரு பிசுக்குப் படலம் வருகிறதே, அதில் இதுவும் உண்டு. எண்ணெய் போகப் போக பிளாஸ்டிக் சுருங்கும், அப்புறம் வெடிக்கும். மேலே மெத்தை இல்லாத கெட்டி பிளாஸ்டிக் என்றால் புற ஊதாக்கதிர் அதை வெளுக்கவைத்து அப்பளமாக்கிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் நிறுத்திய கார்களின் டேஷ்போர்டு ஒரு மணி நேரத்தில் சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சுட்டது. மஸ்கட்டில் இருக்கிற எங்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. இங்கே பழைய ஹைலக்ஸ் பிக்கப்களில் எல்லாம் டேஷ்போர்டு மேல் கம்பளி விரித்திருப்பார்கள். வந்த புதிதில் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன், அது குடை. வளைகுடாவில் கார் வைத்திருப்பவர்கள் கண்ணாடிக்கு உள்ளே ஒரு மறைப்பு அட்டை வைத்துவிட்டுப் போங்கள். மலிவான வைத்தியம் அதுதான். அமெரிக்காவில்கூட 2010-களில் டொயோட்டா, லெக்ஸஸ் கார்கள் சிலவற்றில் டேஷ்போர்டு உருகிப் பிசுபிசுத்து, கம்பெனியே மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அப்படியிருக்க, இருபத்திரண்டு வருஷம் திறந்த வெளியில் நின்ற டாடாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

(டேஷ்போர்டு என்ற பேரே குதிரை வண்டிக் காலத்தது. குதிரைக் குளம்பிலிருந்து தெறிக்கும் சேறு வண்டிக்காரன் மேல் படாமலிருக்க முன்னால் வைத்த பலகை அது. குதிரை போயிற்று, சேறும் போயிற்று, பலகை மட்டும் நின்றுவிட்டது.)

சரி, விஷயத்துக்கு வருவோம். வழி மூன்று இருந்தது. ஒன்று, கம்பெனி புதுசு. விசாரித்ததில் "ஆ சாதனம் இனி கிட்டாது சாரே" என்று ஆசான் கையை விரித்துவிட்டார். (திருவனந்தபுரத்தில் நல்ல மெக்கானிக்குக்கு ஆசான் என்றுதான் பெயர். பள்ளிக்கூட வாத்தியாரைக்கூட இப்போது அப்படி யாரும் கூப்பிடுவதில்லை.) இரண்டு, உடைந்ததையே ஃபைபர் வைத்து ஒட்டி மேலே ரெக்சின் போர்த்துவது. பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் உள்ளே ஸ்க்ரூ பிடிக்கும் காதெல்லாம் ஒடிந்துபோனதால் ஆறு மாதத்தில் மறுபடி ஆடும். மூன்று, உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது. இதற்குச் சென்னைப் புதுப்பேட்டை வரை போகலாமா என்று மருமகன் கேட்டான். போக வேண்டியிருக்கவில்லை. ஆசானுக்குத் தெரிந்த ஓர் ஆக்கர் கடையில் அதே மாடல் வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். டேஷ்போர்டு 4,500 ரூபாய், மீட்டர் 1,200. கருப்பு இல்லை, சாம்பல் நிறம். ஒரு வெடிப்பு கிடையாது. வண்டியின் எஞ்சினில் ஏதோ கோளாறாகி ரொம்ப நாள் ஷெட்டுக்குள்ளேயே நின்றதாம். வியாதிக்காரன் வெயில் படாமல் வெளுப்பாக இருக்கிற மாதிரி.

ஆகஸ்ட் 12, 13, சனி ஞாயிறு. வொர்க்‌ஷாப் கரமனைக்கும் கைமனத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி.

செய்முறையை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு ஸ்க்ரூவையும் தொட ஆசான் விடவில்லை. பிறகு ஸ்டியரிங் வீல். கழற்றுவதற்கு முன் வீலிலும் தண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது வண்டி நேராகப் போகும், வீல் கோணலாக நிற்கும். மீட்டரை நான்கு ஸ்க்ரூ கழற்றி முன்னால் இழுத்து, பின்னால் கையை விட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவிக்க வேண்டும். ஒயர் ஒவ்வொன்றுக்கும் காகித டேப் சுற்றி நம்பர் போட்டு, செல்போனில் போட்டோ. இந்த நம்பர் போடும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. இருபது வருஷம் வவுச்சருக்கு நம்பர் போட்ட கை, சும்மா சொல்லக்கூடாது.

பழைய டேஷ்போர்டை வெளியே எடுத்தபோது அதன் பின்னாலிருந்து கொட்டியவற்றை ஒரு பழைய பேப்பரில் குவித்தோம். பீடி. நான்கைந்து பேனா. கருகிப்போன பிச்சிப்பூச் சரம் ஒன்று. சுசீந்திரம் ஆஞ்சநேயர் படம், பாதி எலி தின்றது. அமரவிளை செக்போஸ்ட் சீட்டுகள் ஒரு கட்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரைக்கும் அங்கே நிற்காமல் ஒரு வண்டியும் தாண்டியதில்லை. அத்தான் தன் ஆயுளில் எத்தனை மணி நேரம் அந்த வரிசையில் நின்றிருப்பார் என்று அந்தச் சீட்டுகளைப் பார்த்தாலே தெரியும். லிட்டர் இருபது சொச்சம் போட்ட டீசல் பில் ஒன்று. நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு விலை நூறுக்குப் பக்கத்தில். இருபத்தைந்து பைசாக் காசு ஆறு. "பேங்குக்காரரே, மாத்தித் தருவீங்களா?" என்றார் அத்தான். 2011 ஜூன் 30-லிருந்து அது செல்லாது என்றேன். "அப்ப நீங்களும் எதுக்கு?" என்று ஆறையும் தூக்கி என் சட்டைப் பையில் போட்டார்.

எலி ஆஞ்சநேயரோடு நிற்கவில்லை, ஒயரையும் தின்றிருந்தது. மூன்று இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. ஒன்று இரும்புச் சட்டத்தில் உரசி, சுற்றிலும் கருகியிருந்தது. அதுவரை கூடவே நின்று கேலி பேசிக்கொண்டிருந்த அத்தான் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். உட்காரும் இடத்துக்கு ஒரு முழம் தூரத்தில், வாழைச் சருகும் கோணிச் சாக்குமாக நிறைந்த வண்டியில், நடு ராத்திரியில் அது பற்றியிருந்தால்... சரி, பற்றவில்லை. ஆசான் கடிபட்ட பகுதியை மொத்தமாக வெட்டி எறிந்து, புது ஒயர் வைத்துச் சால்டர் பண்ணி, மேலே சுருங்கும் குழாய் மாட்டினார். முறுக்கி டேப் சுற்றுகிற வேலையே கிடையாது.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. மீட்டருக்கு வரும் எர்த் கம்பி பாடியில் பிடிக்கிற இடம் துருவேறிக் கிடந்தது. எர்த் சரியில்லாவிட்டால் ஹெட்லைட் போடும்போது முள்களெல்லாம் பொய் சொல்லும். வண்டி சூடாகவே இல்லை. அத்தான் நெய்யாற்றின்கரையில் இறங்கி நின்ற ராத்திரிகளெல்லாம் ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்காக. எமரித்தாள் வைத்துத் தேய்த்து, புது வாஷர் போட்டு முறுக்கினார், முள் ஒழுங்காக நடுவில் நின்றது. அத்தான் ஹெட்லைட்டைப் போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து, ஒரு பத்து தடவை பார்த்திருப்பார்.

பிரச்சினை வந்தது மீட்டரில்.

பழைய மீட்டர் 43,217-ல் நின்றிருந்தது. ஐந்து இலக்கம், 99,999 ஆனால் மறுபடி சுன்னம். ஒவ்வொரு தடவை சுன்னம் ஆகும்போதும் அத்தான் சாவியால் டேஷ்போர்டின் சின்னப் பெட்டி மூடியில் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். ஏழு கோடு. மூன்றாவது கோடு கோணல், குழித்துறைப் பாலத்தில் ஓடிக்கொண்டே கீறியதாம். ஆக 7,43,217 கிலோமீட்டர். கணக்கை நான் சரிபார்த்தேன் (தொழில் புத்தி). வடசேரிக்குப் போக வர 130, வருஷத்துக்கு 300 நாள் என்றால் 39,000. இருபத்திரண்டு வருஷத்துக்கு எட்டரை லட்சம் வருகிறது. 2020-ல் கொரோனாவில் களியக்காவிளையை அடைத்துவிட்ட மாதங்கள், முள் செத்துக் கிடந்த மாதங்கள் போக, ஏழு கோடு சரிதான். நிலாவுக்குப் போய்த் திரும்பிவர 7,68,800 கிலோமீட்டர். இன்னும் இருபத்தைந்தாயிரம்தான் பாக்கி.

ஆக்கர் கடையிலிருந்து வந்த மீட்டர் காட்டியது 61,384. அது யாரோ ஒருவருடைய ஓட்டம்.

மருமகனுக்கு வண்டியை விற்றுவிட்டுப் புதுசு எடுக்க வேண்டும் என்று ஆசை. நியாயமான ஆசை. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் கேரள நகரங்களில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பெரிய டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டபோது வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே ஹைகோர்ட் அதை நிறுத்தி வைத்தது, ஆனால் அந்தப் பயம் அவனுக்குப் போகவில்லை. அவன் ஆசானின் பையனிடம் ஏதோ மெதுவாகக் கேட்டான். பையன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "எத்ர வைக்கணும் சாரே? நாப்பது? அம்பது?" என்றான். பிரியாணி எத்தனை பொட்டலம் என்று கேட்கிற மாதிரி.

"மாமா, ஒண்ணும் பெரிய தப்பு இல்ல. எல்லாரும் செய்றதுதான். வாங்குறவனும் அத நம்பியா வாங்குறான்?"

"நம்பாதவனுக்கு எதுக்கு மக்கா பொய் சொல்லணும்?"

அவனிடம் நீதி பேசிப் பயனில்லை, நானும் பேசவில்லை. அமெரிக்காவில் இதற்கு 1972-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். மீட்டரைப் பின்னால் சுற்றினால் குற்றம். மாற்ற வேண்டி வந்தால் பழைய அளவையே வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் சுன்னத்தில் தொடங்கி, மாற்றிய தேதியும் பழைய ஓட்டமும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அங்கே பழைய கார் வாங்கிய நண்பர்களுக்கு ஓடோமீட்டர் கையெழுத்துக் காகிதம் நினைவிருக்கும், இதன் குட்டிதான் அது. நான் பார்க்கிற வேலையில் பழைய வண்டி லோன் விண்ணப்பங்கள் நிறைய வரும். அதிலே மீட்டர் கம்மியாகவும், கிளட்ச் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்தும் இருந்தால் ஃபைலை ஓரமாக வைத்துவிடுவேன். பெடலைச் சுற்றிவைக்க இன்னும் ஆள் வரவில்லை.

மருமகன் கேட்டது நல்ல கேள்விதான்: "அப்ப இந்த 61,384-அ என்ன செய்ய? அதுவும் பொய்தானே?"

பொய்தான், எழுதாமல் விட்டால். எழுதிவிட்டால் அது வெறும் தொடக்க இருப்பு. பி.காம். முதல் வருஷத்தில் படித்த பாடம்: புதுப் பேரேடு எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் பரவாயில்லை, பழைய பேரேட்டின் பாக்கி மேலே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அத்தான் இதிலெல்லாம் வாயே திறக்கவில்லை. அவருக்குக் கவலை வேறே. "அந்த மூடிய மட்டும் எனக்குத் தந்துருங்க ஆசானே" என்றார். ஒரே மாடல்தானே, ஆசான் பழைய மூடியையே புது டேஷ்போர்டில் மாட்டிவிட்டார். சாம்பல் முகத்தில் கருப்பு மூடி, ஏழு கோட்டோடு. பார்க்கச் சகிக்காது. அத்தானுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, பிள்ளையாரை அதன் மேலேயே ஒட்டிவிட்டார். கதவுச் சட்டத்தில் வெள்ளைப் பெயின்டால் ஆசானின் பையன் எழுதினான்: 12.8.2023, பழைய மீட்டர் 7,43,217, இந்த மீட்டர் தொடக்கம் 61,384. தமிழில் சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுதினான். எண் ஒன்றுதானே.

ஞாயிறு சாயங்காலம் பிராவச்சம்பலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். முள் ஐம்பது காட்டினால் செல்போன் ஜி.பி.எஸ். நாற்பத்தேழு காட்டியது. நல்லதுதான், அந்தப் பக்கம் தப்பினால் வம்பில்லை. கடகட சத்தம் இல்லை, டேஷ்போர்டு சட்டத்தில் உட்காரும் இடமெல்லாம் டியூப் ரப்பர் வெட்டி வைத்திருந்தார். ஒயர், சில்லறைச் சாமான் 800, இரண்டு நாள் கூலி 3,000. மொத்தம் 9,500 ரூபாய். கூலி வாங்கும்போது ஆசான் மூவாயிரத்தை எண்ணி, ஐந்நூறைத் திருப்பித் தந்தார். அத்தம் நாளில் வீட்டுக்கு ஒரு கூடை பூ வேண்டுமாம்.

ஆகஸ்ட் 20 விடியற்காலை வண்டி தோவாளையிலிருந்து பூவோடு வந்தது. எங்கும் நிற்கவில்லை. முதல் கூடை ஆசான் வீட்டுக்குப் போனது.

அந்த வருஷக் கடைசியில் பாறசாலையிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தாராம். கதவுச் சட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பெட்டி மூடியின் கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, பேசிய விலையில் பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டார். மருமகன் என்னை போனில் கூப்பிட்டுக் குறைபட்டான். அத்தான் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். வந்தவர் போய்விட்டார். எஃப்.சி. புதுப்பித்தார்கள், வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு முழங்கால் வலி வந்ததால் பாதி நாள் மருமகன் ஓட்டுகிறான்.

2024 செப்டம்பரில், வயநாட்டு நிலச்சரிவால் ஓணம் அடக்கமாக நடந்த வருஷம், அத்தத்துக்கு இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மீட்டரில் ஐந்து சுன்னம். எட்டாவது கோடு கீறிவிட்டான் போலிருக்கிறது, அது தப்பாச்சே, 61,384 நம்முடையது இல்லையே என்று பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்தது. கதவுச் சட்டம். பழைய வரிக்குக் கீழே, அவன் கையெழுத்தில், தமிழில்: 00000 என்றால் 7,81,833.